டென்மார்க் – ஜேர்மனி எல்லை: ஒரு சிங்கச் சிலையும் இரண்டு சிறுபான்மை இனங்களும்

அமைதியான எல்லை ஒருபோதும் செய்தியாவதில்லை. பத்திரிகைக் கந்தோரில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக் கொண்டிருந்த காலத்தில் எல்லை பற்றி வந்த செய்திகள் யாவும் ஊடுருவல், மோதல், அகதிகள் என்ற மூன்று தலைப்புகளுள் அடங்கிவிடக் கண்டேன். இரண்டு நாடுகள் தமக்கிடையிலான எல்லைத் தகராற்றை முடித்துக்கொண்டு, அயலவர்களாக வாழத் தொடங்கியதும் செய்தி முகவரகங்கள் அந்த இடத்தை விட்டு அகன்றுவிடுகின்றன. அதனால், சண்டை எவ்வாறு மூண்டது என்பதை அறிந்த அளவுக்கு, அது எவ்வாறு ஓய்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கும் நோக்கில், ஐரோப்பாவின் வடபகுதியில் டென்மார்க்கையும் ஜேர்மனியையும் பிரிக்கின்ற, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மட்டுமே நீளமுள்ள ஓர் எல்லைக்கோட்டின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறேன். யூட்லாந்திலிருந்து ஹம்பேர்க் நோக்கிக் காரோட்டிச் செல்லும் எம்மவர்கள் பலரும் அந்த இடத்தைக் கடந்திருப்பார்கள். அந்த மண்ணில் எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை இன்றைய நெடுஞ்சாலை சொல்லாது.

ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்பன யூட்லாந்துக் குடாநாட்டின் அடிவாரத்திலுள்ள இரண்டு நிலப்பகுதிகள். 1460ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னர் முதலாம் கிறிஸ்டியன் இவ்விரண்டுக்கும் ஆட்சியாளராகத் தெரிவு செய்யப்பட்டபோது, இவை என்றும் பிரிக்கப்படமாட்டா என்று ரீபே நகரில் உறுதிமொழி வழங்கினார். ஹோல்ஸ்டைன் ஜேர்மன் மொழி பேசும் பிரதேசம். ஜேர்மன் கூட்டமைப்பிலும் பின்னாளில் அங்கம் பெற்றது. ஷ்லெஸ்விக் டேனிய முடியின் கீழிருந்த குறுநிலம். அதன் வடக்கில் டேனிய மொழியும், தெற்கில் ஜேர்மனும், மேற்குக் கரையோரத்தில் பிரிசிய மொழியும் வழங்கின. மன்னர்களின் காலத்தில் இது பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை. எந்த மொழி பேசினாலும் வரி கட்டினால் போதுமானதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசியம் என்ற எண்ணம் பரவியபோதே, இந்த மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. டேனியத் தேசியவாதிகள் ஷ்லெஸ்விக் முழுவதையும் டென்மார்க்குடன் இணைக்க வேண்டும் என்றனர். ஜேர்மன் தேசியவாதிகளோ, பழைய உறுதிமொழியைச் சுட்டிக்காட்டி, ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் ஒன்றாக ஜேர்மனியில் சேரவேண்டும் என்றனர். இந்தப் பிரச்சினையின் சட்ட நுணுக்கங்களை மூவர் மட்டுமே விளங்கிக்கொண்டனர் என்றும், அவர்களுள் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது, மூன்றாமவரான தாம் அதை மறந்துவிட்டார் என்றும் பிரித்தானியப் பிரதமர் பாமர்ஸ்டன் பிரபு வேடிக்கையாகக் கூறினார் என்பர்.

வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1848 முதல் 1851 வரை முதலாவது போர் நடந்தது. 1850 யூலை 25ஆம் திகதி இட்ஸ்டெட் என்னுமிடத்தில் நிகழ்ந்த பெருஞ்சமரில் டேனியப் படை வென்றது. அந்த வெற்றியின் நினைவாக, சிற்பி பிஸ்ஸன் வடித்த பிரமாண்டமான வெண்கலச் சிங்கமொன்று, ஷ்லெஸ்விக்கின் முக்கிய நகரமான ஃபிளென்ஸ்பேர்க்கின் மயானத்தில் 1862இல் நிறுவப்பட்டது. போரில் மடிந்த வீரர்களின் கல்லறைகளுக்கு மத்தியில் அது தெற்கு நோக்கி நிமிர்ந்து அமர்ந்திருந்தது. டேனியர்களுக்கு அது அஞ்சலிச் சின்னம். நகரத்தின் ஜேர்மானியர்களுக்கு அது அன்றாடம் கண்முன் நிற்கும் அவமானம். வெற்றிச் சின்னங்களை எழுப்புவோர், தோற்றவரும் அதே தெருவில்தான் நடந்து செல்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்த போருக்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன. 1863இல் கோபன்ஹேகன் அரசு ஷ்லெஸ்விக்கைத் தன்னுடன் இறுகப் பிணைக்கும் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. அது முன்னைய சர்வதேச உடன்பாட்டுக்கு முரணானது. பிரஷ்யாவின் முதலமைச்சராயிருந்த பிஸ்மார்க் காத்திருந்த வாய்ப்பு அதுவே. 1864 பெப்ரவரி முதலாம் திகதி பிரஷ்ய, ஒஸ்திரியப் படைகள் ஐடர் ஆற்றைக் கடந்தன. ஏப்ரல் 18ஆம் திகதி டுப்பல் அரண்கள் வீழ்ந்தன. அந்த ஒரு நாளில் மட்டும் டேனியப் படை, இறந்தோர், காயமடைந்தோர், சிறைப்பட்டோர் எனச் சுமார் 5,000 பேரை இழந்தது. புதிதாக உருவாகியிருந்த செஞ்சிலுவை இயக்கத்தின் பிரதிநிதிகள் முதன்முதலாகச் சென்று பார்த்த போர்க்களமும் இதுவே. அக்டோபரில் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி டென்மார்க் தன் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் இழந்தது. டேனிய மொழி பேசும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் பிரஷ்ய ஆட்சியின் கீழ் வந்தனர். வெண்கலச் சிங்கம் 1867இல் பேர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

எனினும் டேனியர்களுக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. 1866இல் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் தமக்குள் போரிட்டபின் பிராக் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, வட ஷ்லெஸ்விக் மக்கள் சுதந்திரமாக வாக்களித்து விரும்பினால் டென்மார்க்குடன் சேரலாம் என்றது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. நெப்போலியன் வீழ்ந்தபின் அதைக் கேட்பார் இல்லை. 1878இல் பேர்லினும் வியன்னாவும் தமக்குள் பேசி அந்தப் பிரிவை நீக்கிவிட்டன. யாருக்காக அது எழுதப்பட்டதோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. வல்லரசுகள் எழுதிக்கொடுக்கும் வாக்குறுதி வல்லரசுகளின் வசதிக்கே உயிர் வாழ்கிறது என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

பின்வந்த நாற்பது ஆண்டுகள் சிறுபான்மையினரின் வரலாற்றில் நாம் நன்கு அறிந்த பாதையில் சென்றன. 1888 முதல் பாடசாலைகளில் ஜேர்மனே கற்பித்தல் மொழியாயிற்று. சமய பாடத்துக்கு மட்டும் சில மணித்தியாலங்கள் டேனிய மொழிக்கு விடப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் மாகாண ஆளுநராக இருந்த ஃபொன் கொல்லர், டேனியக் குடியுரிமை கொண்டோரை நாடுகடத்தி அச்சுறுத்தினார். 1869இல் ஃபிளென்ஸ்பேர்க்கில் தொடங்கப்பட்ட ‘ஃபிளென்ஸ்போர் அவிஸ்’ என்னும் டேனியப் பத்திரிகையின் ஆசிரியர் யென்ஸ் யெஸ்சன், எழுத்துக் குற்றங்களுக்காகப் பலமுறை சிறையிலடைக்கப்பட்டார். அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. மக்களுக்குச் சட்டத்தைக் கற்பித்தார். சங்கங்களை அமைக்கத் தூண்டினார். பின்னர் ஜேர்மன் நாடாளுமன்றத்துக்கே தெரிவாகி அங்கிருந்து பேசினார். 1906இல் அவர் இறந்தபின் அந்த ஆசனத்தில் எச். பி. ஹான்சன் அமர்ந்தார். முதலாம் உலகப் போரில் வட ஷ்லெஸ்விக்கிலிருந்து சுமார் 30,000 பேர் ஜேர்மன் சீருடை அணிந்து களம் புக நேர்ந்தது. தம்முடையதல்லாத ஒரு போரில் அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1918 அக்டோபரில் ஜேர்மனி தோல்வியின் விளிம்பில் நின்றபோது, ஹான்சன் நாடாளுமன்றத்தில் எழுந்து, பழைய ஐந்தாவது பிரிவின் நியாயத்தை மீண்டும் கோரினார். அவர் கேட்டதன் அளவே இங்கு கவனத்துக்குரியது. டென்மார்க்கில் பலர் ஃபிளென்ஸ்பேர்க்கும் வேண்டும் என்றனர். அதற்கும் தெற்கே பழைய கோட்டை அரண் வரை வேண்டும் என்றோரும் இருந்தனர். தோற்றுக்கிடந்த ஜேர்மனியிடமிருந்து எதையும் பறித்திருக்கலாம். ஹான்சனோ, தம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நிலம் மட்டும் போதும் என்றார். அளவுக்கு மீறிப் பெற்றால், ஜேர்மனி மீண்டும் எழும்போது அது போருக்கு வித்தாகும் என்பது அவர் தரப்பின் வாதம். வரலாற்றாசிரியர் எச். வி. கிளாவுசன் என்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராகத் திரிந்து, எந்த ஊர் மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆராய்ந்து ஒரு கோட்டை வரைந்து வைத்திருந்தார். இன்றைய எல்லை பெரும்பாலும் அந்தக் கோட்டையே தழுவிச் செல்கிறது.

வெர்சாய் உடன்படிக்கையின்படி, சர்வதேச ஆணைக்குழுவின் கண்காணிப்பில் இரண்டு வலயங்களில் வாக்கெடுப்பு நடந்தது. 1920 பெப்ரவரி 10ஆம் திகதி வடக்கு வலயத்தில் ஏறத்தாழ 75 வீதத்தினர் டென்மார்க்குக்கு வாக்களித்தனர். மார்ச் 14ஆம் திகதி தெற்கு வலயத்தில் 80 வீதத்தினர் ஜேர்மனிக்கு வாக்களித்தனர். ஃபிளென்ஸ்பேர்க் நகரிலும் நான்கில் மூன்று பங்கினர் ஜேர்மனியையே தெரிவு செய்தனர். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தோரின் அழுத்தத்தால் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் தம் பிரதமரையே பதவிநீக்கம் செய்தார். டென்மார்க்கின் முடியாட்சியே ஆட்டங்கண்ட நெருக்கடியாக அது மாறியது. இறுதியில் மன்னர் பின்வாங்கினார், வாக்கு வென்றது. அந்த ஆண்டு யூலை 10ஆம் திகதி அவர் வெள்ளைக் குதிரையில் பழைய எல்லையைக் கடந்து வட ஷ்லெஸ்விக்கினுள் நுழைந்த காட்சியை டேனியர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர்.

ஆயினும், வாக்கெடுப்பால் வரையப்பட்ட எல்லையும் எல்லோருக்கும் நீதி வழங்குவதில்லை. வடக்கு வலய வாக்குகள் மொத்தமாகவே எண்ணப்பட்டமையால், ஜேர்மனிக்குப் பெரும்பான்மை வாக்களித்த டொண்டர், ஓபன்ரோ, சொண்டர்போர் ஆகிய நகரங்கள் டென்மார்க்கிற்குச் சென்றன. தெற்கில், டென்மார்க்கிற்கு வாக்களித்த ஃபோர் தீவின் சில ஊர்கள் ஜேர்மனியில் தங்கின. ஒரு சிறுபான்மையின் துயரத்தைத் தீர்க்க வரைந்த கோடு இரண்டு சிறுபான்மைகளை உருவாக்கிற்று.

அதன் விளைவு 1930களில் தெரிந்தது. வட ஷ்லெஸ்விக்கின் ஜேர்மானியர்களில் பெரும்பாலோர் ஹிட்லரின் பக்கம் சாய்ந்து, எல்லையை மாற்றுவார் என்று எதிர்பார்த்தனர். 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படை டென்மார்க்கைக் கைப்பற்றியபோதும் ஹிட்லர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. போர் முடிந்தபின் டென்மார்க் கணக்குத் தீர்த்தது. ஜேர்மன் சிறுபான்மையினர் ஏறத்தாழ 3,000 பேர் தண்டிக்கப்பட்டனர்; ஜேர்மன் பாடசாலைகள் மூடப்பட்டன. அதேவேளை, பேர்லினிலிருந்த வெண்கலச் சிங்கத்தை அமெரிக்கப் படையினர் 1945இல் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர்.

இந்த இடத்தில்தான் வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக் கூடும். அழிந்து கிடந்த ஜேர்மனியின் கிழக்கிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் அகதிகள் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைனில் வந்து குவிந்திருந்தனர். எல்லைக்குத் தெற்கே வாழ்ந்த பலர் திடீரெனத் தம்மை டேனியர் என்று கூறத் தொடங்கினர். 1947 மாநிலத் தேர்தலில் டேனியத் தரப்புக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் வாக்குகள் விழுந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த உணவுப் பொதிகளுக்காக இனம் மாறியவர்கள் என்று பொருள்பட, ‘பன்றியிறைச்சி டேனியர்’ என அயலவர் அவர்களை ஏளனம் செய்தனர். அதற்கு முன்னரே, 1946 செப்டெம்பரில், அப்பகுதியை ஆண்டுகொண்டிருந்த பிரித்தானியா டென்மார்க்கிடம், எல்லையை மாற்ற விரும்புகிறீர்களா, மக்களைப் பரிமாற விரும்புகிறீர்களா என்று கேட்டது. இழந்த நிலம் முழுவதையும் கேட்டுப் பெறும் வாய்ப்பு வாசலுக்கே வந்து நின்றது. அக்டோபர் 19ஆம் திகதி டென்மார்க் அளித்த பதில்: வேண்டாம் என்பதே. எல்லைமாற்றத்தில் நாட்டம் கொண்டிருந்த பிரதமர் குனுட் கிறிஸ்டென்சன், அதே விடயத்தில் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்து 1947இல் பதவி துறந்தார். பறிக்க முடிந்தபோது பறிக்காமல் விட்ட அரசுகள் உலகில் மிகச் சில.

மறுபக்கத்திலும் ஓர் அசைவு நிகழ்ந்தது. டென்மார்க்கிலிருந்த ஜேர்மானியர்கள் 1945 நவம்பரில் புதிய அமைப்பொன்றைத் தொடங்கி, 1920 எல்லையை ஏற்பதாகவும் டேனிய அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அறிவித்தனர். 1949இல் கீல் நகரிலிருந்த மாநில அரசு, டேனியச் சிறுபான்மையினரின் உரிமைகளை ஏற்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. எனினும் நல்லெண்ணம் மட்டுமே வேலையை முடித்ததாகக் கருதிவிடக் கூடாது. 1954 மாநிலத் தேர்தலில் டேனியச் சிறுபான்மைக் கட்சி 42,000 வாக்குகள் பெற்றும், ஐந்து வீத வெட்டுப்புள்ளி காரணமாக ஓர் ஆசனமும் பெறவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் டென்மார்க்கின் ஜேர்மன் சிறுபான்மையினரோ பத்தாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளுடன் கோபன்ஹேகன் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரைப் பெற்றிருந்தனர். மேற்கு ஜேர்மனி நேட்டோவில் சேரவிருந்த தறுவாய் அது. டென்மார்க் இந்த அநீதியை நேட்டோ அரங்கிலேயே எழுப்பியது. பொன் நகரம் செவிசாய்த்தது.

1955 மார்ச் 29ஆம் திகதி ஜேர்மன் அதிபர் கொன்ராட் அடெனாவரும் டேனியப் பிரதமர் எச். சி. ஹான்சனும் பொன்–கோபன்ஹேகன் பிரகடனங்களை முன்வைத்தனர். இது இருதரப்பு உடன்படிக்கை அல்ல. ஒவ்வோர் அரசும் தன் சொந்த மண்ணிலுள்ள சிறுபான்மைக்குத் தானே வழங்கிய உறுதிமொழி. இரண்டும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. தான் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்பதை ஒருவன் சுதந்திரமாக அறிவிக்கலாம். அரசு அதிகாரி அதை ஆராயவோ மறுக்கவோ கூடாது. விரும்பிய மொழியைப் பேசலாம், எழுதலாம், சொந்தப் பாடசாலை நடத்தலாம், எல்லைக்கு அப்பாலுள்ள தாய்நாட்டுடன் சமய, பண்பாட்டுத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். அப்படித் தொடர்பு வைத்திருப்பது துரோகம் எனக் கருதப்படமாட்டாது. டேனியச் சிறுபான்மைக் கட்சிக்கு ஐந்து வீத வெட்டுப்புள்ளியிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. ‘உன் இனத்தை நிரூபி’ என்று கேட்கும் உரிமையை அரசு தானாகக் கைவிட்டமையே இவற்றுள் தலையாயது என்பேன். அந்த ஒரு கேள்வியால் உலகில் எத்தனை இலட்சம் பேர் அலைக்கழிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் வந்தவை செய்தியாகாத செய்திகள். எல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ 50,000 டேனியரும், வடக்கே சுமார் 15,000 ஜேர்மானியரும் தத்தம் பாடசாலைகள், நூலகங்கள், தேவாலயங்களுடன் வாழ்கின்றனர். டேனியச் சிறுபான்மைக் கட்சி 2012 முதல் 2017 வரை மாநில ஆட்சியில் பங்காளியாகி அமைச்சர் பதவியும் வகித்தது. 2021இல் ஜேர்மன் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கும் ஓர் உறுப்பினரை அனுப்பியது. டென்மார்க்கின் ஜேர்மானியர்கள் 1964இல் தமது ஆசனத்தை இழந்தபோது, அவர்களுடைய குரல் தலைநகரில் ஒலிப்பதற்கெனத் தொடர்புக் குழுவும், 1983 முதல் ஒரு செயலகமும் அமைக்கப்பட்டன. 1997இல் இருபுற உள்ளூராட்சி நிறுவனங்களும் சேர்ந்து எல்லைப் பிராந்தியக் கூட்டமைப்பொன்றைத் தொடங்கின. டென்மார்க் பக்கத்தில், ‘மீண்டும் ஷ்லெஸ்விக்கா?’ என்ற ஐயத்துடன் அதன் பெயருக்கே எதிர்ப்பு எழுந்தது; பெயர் மாற்றப்பட்டது; பணி நின்றுவிடவில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டிய டேனிய நோயாளர்கள், தம் நாட்டின் தொலைநகர்களுக்குப் பயணஞ்செய்யாமல், பல ஆண்டுகளாக ஃபிளென்ஸ்பேர்க் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றனர். ஜேர்மனியின் நீபூல் நகரில் நிற்கும் மீட்பு ஹெலிகொப்டர் எல்லை தாண்டி டேனிய விபத்துகளுக்கும் பறக்கிறது. 2001 மார்ச் 25ஆம் திகதி டென்மார்க் ஷெங்கன் ஏற்பாட்டினுள் நுழைந்தபோது, எல்லைச் சாவடிகளில் கடவுச்சீட்டுப் பரிசோதனை நின்றது.

வெண்கலச் சிங்கத்தின் பயணமும் முடிவுக்கு வந்தது. ஃபிளென்ஸ்பேர்க் மாநகரசபையே கேட்டுக்கொண்டதன் பேரில், 2011 செப்டெம்பர் 10ஆம் திகதி அது தன் பழைய மயானத்துக்குத் திரும்பியது. ஒரு காலத்தில் வெற்றிச் செருக்கின் சின்னமாகக் கண்டு வெறுத்த நகரம், இன்று டேனியருக்கும் ஜேர்மானியருக்கும் இடையிலான நட்பின் அடையாளம் என்ற வாசகத்தைப் பொறித்து அதனை வரவேற்றது. சிலை மாறவில்லை, பார்ப்பவரின் அச்சம் நீங்கிவிட்டது.

இவ்வாறு எழுதுவதால், அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகின்றன என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2010இல் மாநில அரசு செலவைக் குறைக்க முற்பட்டு, டேனியப் பாடசாலை மாணவருக்கான உதவித்தொகையை ஏனைய மாணவருக்குரியதில் 85 வீதமாக்கத் தீர்மானித்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 2012இன் ஆட்சிமாற்றத்துக்குப் பின்னரே சமத்துவம் மீண்டது. ஃபிளென்ஸ்பேர்க் 2008இல் தன் நகரப் பலகையில் டேனியப் பெயரையும் எழுதியது. ஆனால் டென்மார்க்கின் ஹாடர்ஸ்லேவ் நகரில் 2015இல் ஜேர்மன் பெயருடன் பலகை நாட்டியபோது அது சேதமாக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. பெயர்ப்பலகையில் ஒரு மொழியைக் காண்பது கூடச் சிலருக்கு இன்னும் உறுத்துகிறது.

எல்லையும் மீண்டும் இறுகத் தொடங்கியது. அகதிகள் வருகையைக் காரணங்காட்டி 2016 சனவரி 4ஆம் திகதி டென்மார்க் ‘தற்காலிக’ப் பரிசோதனையை ஆரம்பித்தது; அது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் ஜேர்மனியும் தன் பக்கத்தில் பரிசோதனையைத் தொடங்கிற்று. 2019இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுப்பதற்கென எல்லை நெடுகிலும் காட்டுப்பன்றி வேலி அமைக்கப்பட்டது. ஒன்றரை மீற்றர் உயரமே ஆயினும், அந்த மண்ணின் மக்களுக்கு அது வேலி. 1920 வாக்கெடுப்பின் நூற்றாண்டைக் கொண்டாட இரு நாடுகளும் ஆயத்தமாயிருந்த 2020 மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றால் டென்மார்க் எல்லையை மூடியது. ஓர் ஊராக வாழ்ந்தவர்கள் தடுப்புக் கம்பத்தின் இருபுறமும் நாற்காலி போட்டு அமர்ந்து பேசிக்கொண்டனர்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவன மூன்று. கோடு சரியாக வரையப்பட்டதால் சமாதானம் வரவில்லை. எந்தக் கோடும் சிலரைத் தவறான பக்கத்தில் விடும். இனிக் கோட்டை நகர்த்துவதில்லை என்று இரண்டு அரசுகளும் முடிவெடுத்தமை முதற்காரணம். அதனால்தான், எல்லைக்குள் இருக்கும் மற்றவனை ஐந்தாம் படையாக எண்ணும் அச்சம் குறைந்து, அவனுக்கு உரிமை வழங்க முடிந்தது. இரண்டாவது, அந்த உரிமை இருபுறமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வழங்கப்பட்டது. இரு கைகள் தட்டினால்தான் ஓசை. மூன்றாவது, ஏட்டில் எழுதிய உரிமையைப் பாடசாலைக் கட்டடமாகவும் ஆசிரியர் சம்பளமாகவும் நாடாளுமன்ற ஆசனமாகவும் மாற்றினார்கள்.

1878இல் இரண்டு வல்லரசுகள் ஒரு வாக்குறுதியைச் சத்தமின்றி நீக்கியபோது, அந்த மக்களுக்காகப் பேச ஒரு சிறு பத்திரிகையும் இருந்தது. ‘ஃபிளென்ஸ்போர் அவிஸ்’ இன்றும் வெளிவருகிறது. மறுபக்கத்தில் ஜேர்மன் சிறுபான்மையினரின் ‘டெர் நோர்ட்ஷ்லெஸ்விகர்’, 1946இல் தொடங்கி, 2021இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. இரு பத்திரிகைகளிலும் மாநகரசபைக் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, மரண அறிவித்தல் என்பன நாள்தோறும் இடம்பெறுகின்றன. ஒரு சிறுபான்மை இனத்தின் பத்திரிகை இவற்றால் நிரம்பியிருப்பதைக் காட்டிலும் நல்ல செய்தி வேறொன்றும் இருக்க முடியாது.